அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அண்ணனுக்கு 38 வயது. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். நான்கு மாதத்துக்கு முன்பு ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அம்மாதான் கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தார். கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள் என மூன்று தடவை போட்டாயிற்று. 28-ஆம் நாள் ஊசி மட்டும் பாக்கி. நடுவில் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போய்வந்து இரண்டு நாள் வயிற்றால் போனது. அது அங்கே சாப்பிட்ட நாலைந்து பேருக்கும் வந்ததுதான். 22-ஆம் நாள் பாதம் இரண்டும் மதமதவென்று இருக்கிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டே நாளில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தனியார் மருத்துவமனையில் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து ஜி.பி.எஸ்., அதாவது கில்லன்-பாரே என்ற நரம்பு நோய், என்றார்கள். 24 பாட்டில் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்ன தொகை எங்களால் ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தத்தை எடுத்து பிளாஸ்மாவை மாற்றினார்கள். ஒன்பது நாள் வென்டிலேட்டர். இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார்.

அம்மா ராப்பகலாக அழுகிறார். “என் கையாலேயே ஊசி போடவெச்சு எம்புள்ள கால முடக்கிட்டேனே” என்பதுதான் பாட்டு. என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அவளுக்கு ஊசி போடக்கூடாது என்று அம்மா வாசலை மறிக்கிறார். அண்ணனுக்குப் பாக்கி ஊசியைப் போடுவதா வேண்டாமா? ஊசியால்தான் இப்படி ஆனதா? பண வசதி இல்லாமல் மட்டமான வைத்தியம் பார்த்துவிட்டோமா? தறிக்கு எப்போது போவார்? கடித்த நாயோ இன்றைக்கும் டீக்கடை வாசலில் காலை நீட்டித் தூங்குகிறது. அண்ணன்தான் படுத்துக்கிடக்கிறார்.

– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தபோது கடைசிக்கு முந்தைய வரிதான் எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. நாய் உயிரோடு இருக்கிறது. நீங்கள் வயிற்றெரிச்சலில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது நல்ல செய்தி. நாயின் எச்சிலில் ரேபிஸ் கிருமி இறங்கும் நேரத்தில் அந்த நாயே சாகும் தறுவாயில் இருக்கும். பத்து நாள் தாண்டாது. அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்கிறோம். நான்கு மாதம் கழித்தும் டீக்கடை வாசலில் படுத்துத் தூங்குகிறது என்றால், அது கடித்த அன்று ரேபிஸ் கிருமி அண்ணன் உடம்பில் ஏறவில்லை. பாக்கி ஊசிக்காக நீங்கள் யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. கடித்தது அதே நாய்தான் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த இருட்டு என்கிறீர்கள். செம்மண் நிறத்தில் நாலு நாய் இருக்கும் தெருவாக இருந்தால் அண்ணனிடமே மறுபடி கேளுங்கள். சிறிது சந்தேகம் இருந்தாலும், பார்த்துக்கொண்டிருக்கும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) அளவைப் பரிசோதிக்கச் சொல்லலாம். ஒரு மில்லி ரத்தச் சீரத்தில் 0.5 யூனிட்டுக்கு மேல் இருந்தால் போதுமானது. குறைவாக இருந்தால் விட்ட ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நரம்பு வலுவிழந்து படுத்தவர் என்பதற்காக ரேபிஸ் ஊசியைத் தவிர்க்க முடியாது. இந்த இரண்டு நோய்களில் ஒன்றிலிருந்து பெரும்பாலோர் எழுந்து நடக்கிறார்கள். மற்றதில் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாருமே பிழைப்பதில்லை.

இனி அம்மாவுக்கு. இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக்காட்டுங்கள்.

அம்மாவின் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. அவர் வயதுக்காரர்களுக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றி 14 ஊசி. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் அந்த ஊசியை என் கையால் போட்டிருக்கிறேன். பிள்ளைகளை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இடம் இமயமலைப் பக்கத்துக் கசௌலி, ஆண்டு 1911. ஆட்டின் மூளையில் ரேபிஸ் கிருமியை வளர்த்து, மூளையை அரைத்து, பீனால் விட்டுக் கிருமியைக் கொன்று ஊசியாக்குவார்கள். நம் பக்கத்துக்குக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது லட்சக்கணக்கான உயிரைக் காத்தது. சிலர் காலை முடக்கவும் செய்தது, இதை மறைக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. மூளையிலும் நரம்பிலும் மயலின் என்று ஒரு கொழுப்பு உறை உண்டு. கரண்டு ஒயரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி என்று நாங்கள் நோயாளிகளிடம் சொல்வோம். ஆட்டு மூளையில் இருக்கும் மயலின் ஊசி வழியே மனித உடம்புக்குள் போகும்போது, உடம்பின் காவல் படை அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு தன் சொந்த நரம்பில் இருக்கும் மயலினைப் பார்த்ததும் அதையும் அடிக்கும். சிலருக்கு மூளைவீக்கம் வந்தது, சிலருக்கு முதுகுத்தண்டு அழற்சி. சிலருக்கு உங்கள் அண்ணனுக்கு வந்த அதே ஜி.பி.எஸ். வந்தது. 14 ஊசி முடியும் முன்பே கால் விழுந்தவர்களை நானே வார்டில் பார்த்திருக்கிறேன். ஊரில் யாருக்காவது அப்படி நடந்ததை அம்மா கேள்விப்பட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் அண்ணனுக்குப் போட்டது அந்த ஊசி இல்லை. ஆட்டு மூளை ஊசி 2005 வாக்கிலேயே நம் நாட்டில் ஒழிந்துவிட்டது. இப்போது கிருமியை வளர்ப்பது மூளைத் திசுவில் இல்லை. ஆய்வகத்தில் பெருக்கும் செல்களில் வளர்த்து, கொன்று, சுத்தப்படுத்துகிறார்கள். அந்தச் செல்களில் மயலினே கிடையாது. பழைய ஊசி நரம்பைத் தாக்கிய வழி இதில் அடைபட்டுப்போனது. புதிய ஊசிக்குப் பிறகும் ஜி.பி.எஸ். வந்ததாக மருத்துவ இதழ்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குறிப்புகள் உண்டு. ஊசிதான் காரணம் என்று அவற்றால் நிறுவ முடிந்ததில்லை.

‘பிறகு’ என்ற சொல்தான் இதில் வம்பு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜி.பி.எஸ். உலகம் முழுக்க ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. ஏழரைக் கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ நாளுக்கு இரண்டு முதல் நான்கு பேர். நாய்க்கடிக்காக மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல். ஊசி எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த நான்கு லட்சம் பேரில் நாலிலிருந்து எட்டுப் பேருக்கு அந்த ஆண்டு எப்படியும் ஜி.பி.எஸ். வரத்தான் போகிறது. அதில் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் வருவது என்று மட்டும் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு ஒருவரோ இருவரோ தேறுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது தற்செயல் என்று தோன்றாது. உங்கள் அம்மா மாதிரிதான் அழுவார்கள்.

கணக்கைச் சொல்லி நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தடுப்பூசியால் ஜி.பி.எஸ். வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக அவசர அவசரமாக ஊசி தயாரித்து 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் கூடுதலாக ஜி.பி.எஸ். வந்தது. பயந்த கொள்ளைநோயும் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த ஃப்ளூ ஊசிகளில் அந்த ஆபத்து பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

கொரோனா காலத்தில் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கேரளத்தின் மூன்று மாவட்டங்களில் ஆக்ஸ்ஃபோர்டு ஊசி, அதாவது நம் ஊர் கோவிஷீல்டு, போட்ட இரண்டு வாரத்துக்குள் ஏழு பேருக்குக் கடுமையான ஜி.பி.எஸ். வந்தது. அங்கே அப்போது ஊசி போட்டவர்கள் சுமார் 12 லட்சம். வழக்கத்தைவிட இது அதிகம் என்று வெளிப்படையாக எழுதியவர்கள் அங்கே சிகிச்சை செய்த நரம்பியல் மருத்துவர்களே. பிறகு ஐரோப்பாவில் அந்த ஊசியின் மிக அரிய பக்க விளைவுகளின் பட்டியலில் ஜி.பி.எஸ். சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த ஊசியின் முதல் தவணைக்குப் பிறகு ஒரு கோடிப் பேருக்கு 38 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். கொரோனா தொற்றியவர்களில் அதே ஒரு கோடிக்கு 145 பேர். ஊசி தந்த ஆபத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கை நோயே தந்தது. அதனால்தான் அந்த 38-ஐச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

சரி, அண்ணனுக்கு எதனால் வந்தது? “அது அங்கே சாப்பிட்ட நாலைந்து பேருக்கும் வந்ததுதான்” என்று நீங்கள் ஒதுக்கிவிட்டுப் போன அந்த வயிற்றுப்போக்கைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

ஜி.பி.எஸ். வருகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் ஏதாவது ஒரு தொற்று வந்துபோயிருக்கும். சளிக் காய்ச்சலாக இருக்கலாம், சிக்குன்குனியாவாக இருக்கலாம், டெங்குவாகக்கூட இருக்கலாம். பிரெஞ்சு பாலினீசியத் தீவுகளில் 2013, 2014-ல் ஸிகா வைரஸ் பரவியபோது அடுத்தடுத்துப் பலருக்குக் கால் விழுந்தது. இவற்றையெல்லாம்விட அதிகமாகப் பிடிபடும் குற்றவாளி வைரஸே இல்லை. கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா. சரியாக வேகாத கோழிக்கறி, காய்ச்சாத பால், அசுத்தமான தண்ணீர் இவற்றில் வரும். இதன் மேல்தோலில் இருக்கும் ஒரு சர்க்கரைக் கொழுப்பு, நம் நரம்பில் இருக்கும் கொழுப்பை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. வயிற்றிலிருக்கும் கிருமியை ஒழிக்க உடம்பு தயாரித்த ஆன்டிபாடி, கிருமி போன பிறகு நரம்பைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறது. செம்பிள் ஊசியில் ஆட்டு மூளை செய்ததைப் போன்ற வேலையைத்தான் இங்கே ஒரு வயிற்றுக் கிருமி செய்கிறது.

2025 ஜனவரியில் புணேயில் நடந்தது நினைவிருக்கிறதா? சிங்ககட் சாலை, கிர்கட்வாடி, நாந்தேட் கிராமம் என்று ஒரே வட்டாரத்தில் 200-க்கும் மேற்பட்டோர் ஜி.பி.எஸ். சந்தேகத்தோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் ஒரே ஊசி போட்டவர்கள் இல்லை. ஒரே பக்கத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள். சிலரின் மலத்தில் கேம்பிலோபாக்டர் இருந்தது.

நீங்கள் எழுதியிருக்கும் நாள்களை நான் ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். வயிற்றுப்போக்கு வந்த நாளிலிருந்து ஜி.பி.எஸ். தொடங்க ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். ஏழாம் நாள் ஊசிக்கும் 22-ஆம் நாள் மதமதப்புக்கும் நடுவில்தான் கிடாவெட்டு வருகிறது என்று தெரிகிறது. நாள் பொருந்துகிறது. நாலைந்து பேருக்கும் வந்தது என்பது, அது கிருமிச் சாப்பாடுதான் என்பதற்கு இன்னொரு சாட்சி. அந்த நாலைந்து பேருக்கு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். கேம்பிலோபாக்டர் வந்த ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஜி.பி.எஸ். வருவதில்லை. வந்தவர் உங்கள் அண்ணன்.

மலப் பரிசோதனையோ குறிப்பான ஆன்டிபாடி பரிசோதனையோ அப்போது செய்திருந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருப்பேன். இப்போது கிருமி போயே போயிருக்கும். ஆனாலும் ஒரு நரம்பியல் மருத்துவனாக, ஊசி ஒரு பக்கம் கிடாவெட்டு ஒரு பக்கம் என்று என் முன்னால் வைத்தால் நான் கிடாவெட்டைத்தான் காட்டுவேன். அப்படியிருந்தும் ஒன்று செய்யுங்கள். ஊசிக்குப் பிறகு இப்படி நடந்தது என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய அரசிடம் தனி ஏற்பாடு இருக்கிறது. காரணம் ஊசியா இல்லையா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கேரளத்தில் ஏழு பேரைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால் எதுவும் தெரியவந்திருக்காது.

அம்மாவுக்கு இன்னொரு குற்றவுணர்ச்சியும் இருக்கும், நீங்கள் எழுதவில்லை. முதுகில் நீர் எடுத்ததால் கால் போனது என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வரும். ஊசி குத்தும் இடம் இடுப்பு மட்டத்தில், தண்டுவடம் முடிந்துபோன பிறகு. அங்கே குத்துவதற்கு முன்பே அண்ணனுக்கு உட்கார்ந்து எழ முடியவில்லை. அந்த நீரில் செல் கூடாமல் புரதம் மட்டும் கூடியிருந்தால் ஜி.பி.எஸ். என்று துணியலாம். முதல் உலகப்போரில், 1916-ல், இரண்டு பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதியவர்கள் மூன்று மருத்துவர்கள். கில்லன், பாரே, ஸ்ட்ரோல். நோயின் பெயரில் இருவர் மட்டும் நிலைத்துவிட்டார்கள், ஸ்ட்ரோலைப் பாவம் யாரும் நினைப்பதில்லை.

அந்தக் கிளினிக்கைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வருத்தம். இரண்டு காலும் ஒன்றுபோல மதமதக்கிறது, நாளுக்கு நாள் மேலேறுகிறது என்று ஒருவர் வந்தால், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. கால் துள்ளாவிட்டால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஜி.பி.எஸ். வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசையும் தளர்ந்து வென்டிலேட்டர் வேண்டியிருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இப்படித் தளர்ச்சி வந்தவரை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். பதினைந்தைத் தாண்டத் திணறினாலோ, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போனாலோ, தண்ணீர் குடித்தால் புரையேறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி பணம். மட்டமான வைத்தியம் பார்த்துவிட்டோமா என்ற கேள்வியை எழுதியபோது உங்கள் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லை, பார்க்கவில்லை. 24 பாட்டில் என்றது இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், ஐந்து கிராம் பாட்டிலாக வாங்கினால் 24. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதால் அந்த விலை. பிளாஸ்மா மாற்றுவது அதற்கு முன்பே வந்த சிகிச்சை. நரம்பைத் தாக்கும் ஆன்டிபாடியை அது ரத்தத்திலிருந்தே வெளியேற்றுகிறது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய பன்னாட்டு ஆய்வு 1997-ல் வந்தது. இரண்டும் சமம். இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. தனியாரில் நகையை அடகு வைத்து 24 பாட்டில் ஏற்றியிருந்தாலும் அண்ணன் இன்று இதே வாக்கரோடுதான் நின்றிருப்பார். பிளாஸ்மா மாற்றுவதற்கு இயந்திரமும், ராத்திரியில் முழித்துக் கவனிக்கும் செவிலியர்களும், ஐ.சி.யூ. படுக்கையும் வேண்டும். அதெல்லாம் அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தவரைப் புண் வராமல், நிமோனியாவில் போகவிடாமல் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அது சாதாரண வேலை கிடையாது.

தறிக்கு எப்போது போவார்? டிஸ்சார்ஜ் கோப்பில் நரம்புக் கடத்தல் பரிசோதனை அறிக்கை இருக்கும், எடுத்துப் பாருங்கள். டீமைலினேட்டிங் என்று எழுதியிருந்தால் மேலுறை மட்டும் கெட்டிருக்கிறது. உறை வாரங்களில், மாதங்களில் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆக்ஸோனல் என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் இழையும் அறுந்திருக்கலாம். அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து கால் விரல் வரை கணக்குப் போட்டால் ஏன் வருடக் கணக்கில் பொறுமை வேண்டும் என்பது புரியும். மொத்தத்தில் பார்த்தால் ஆறு மாதத்தில் பத்தில் எட்டுப் பேர் துணையில்லாமல் நடக்கிறார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். கால் விழுந்து ஏறக்குறைய மூன்றே மாதத்தில் வாக்கரில் வாசலுக்கு வருவது எனக்கு நல்ல சகுனமாகவே தெரிகிறது.

உடற்பயிற்சியில் ஒரு பக்குவம் உண்டு. செய்யாமல் விட்டால் கணுக்கால் இறுகி, பாதம் தொங்கி நடை கெடும். வெறியோடு செய்தால் மறுநாள் எழ முடியாமல் போகும். மறுநாள் காலையில் முந்தின நாளைவிடச் சோர்வாக இருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டார் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்க்க யாராவது வைத்தியர் வந்தால், மெல்லத் தடவிவிடட்டும், குறையில்லை. மூட்டைப் பிடித்து இழுத்து முறுக்கச் சம்மதிக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது. ஜி.பி.எஸ். குணமாகி, ஒத்தடப் புண்ணோடு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் நின்று ஓட்டும் தறிக்குப் போக வேண்டாம். தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மாதிரி உட்கார்ந்த வேலையாக, அரை நாள் கேட்டுப் பாருங்கள். பார்க்க நன்றாக இருப்பார், உள்ளே களைப்பு இருக்கும். இந்தக் களைப்பு பலருக்கு வருடக் கணக்கில் நீடிக்கிறது. முதலாளியும் சில சமயம் வீட்டாருமே அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். நோய் திரும்புமா என்றால், நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குத் திரும்பலாம். எழுந்து நடமாடியவர் மறுபடி தளர ஆரம்பித்தால் உடனே கொண்டுபோங்கள். பின்னால் எப்போதாவது வேறொரு நாய் கடித்தால், இந்த மூன்று ஊசி போட்ட சீட்டோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே மூன்று போட்டவர் என்பதைப் பார்த்து, எத்தனை ஊசி போடுவது, ரேபிஸ் எதிர்ப்புச் சீரம் வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஊசியே வேண்டாம் என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

கடைசியாகக் குழந்தை. நான் இத்தனை நேரம் எழுதியதே இதற்காகத்தான்.

ஜி.பி.எஸ். குடும்பத்தில் இறங்கி வருகிற நோய் கிடையாது. மாமனுக்கு வந்ததற்கும் மருமகளின் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் போடும் முக்கியமான ஊசி தட்டம்மை, ரூபெல்லாவுக்கானது. தட்டம்மையைச் சின்ன விஷயமாக நினைக்கிற ஊர் நம்முடையது. வேப்பிலை வைத்து, மூன்றாம் தண்ணீர் விட்டு, அம்மா இறங்கிவிட்டாள் என்று நிம்மதியாகிவிடுவோம்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பது வயதுப் பையனை அவனுடைய தாய் என் அறைக்குக் கூட்டி வந்தார். படிப்பில் முதலாக இருந்தவன், திடீரென்று எழுத்து கோணுகிறது என்று டீச்சர் திட்டுகிறாராம். சாப்பிடும்போது கை வெட்டி டம்ளர் விழுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்த நிலையில் உடம்பு ஒருமுறை வெட்டி நிமிர்ந்தது. சில நொடி கழித்து மறுபடி. கடிகாரம் வைத்தது போல. சின்ன வயதில் அம்மை போட்டதா என்று கேட்டேன். எட்டு மாதத்தில் போட்டது, நன்றாக இறங்கிவிட்டது என்றார். தட்டம்மை வைரஸ் சில குழந்தைகளின் மூளைக்குள் சத்தமில்லாமல் தங்கி, ஏழு, எட்டு வருடம் கழித்துத் தலைதூக்கும். எஸ்.எஸ்.பி.ஈ. என்று பெயர். இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். குணப்படுத்த மருந்து இல்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. இப்படி இறந்தவர்களின் மூளையில் கிடைத்ததெல்லாம் ஊரில் பரவும் தட்டம்மை வைரஸ். ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸ் எவரிடமும் கிடைத்ததில்லை.

அந்தத் தாயும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்றுதான் அழுதார். எட்டு மாதத்தில் அம்மை வந்த குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி எப்படிப் போட்டிருக்க முடியும், உங்கள் மேல் தப்பே இல்லை என்று அவரிடம் சொன்னேன். உங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது.

நாய் கடித்த ராத்திரி மகனைத் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு ஓடினாரே, அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: அன்றைக்கு நாயின் கதி யாருக்கும் தெரியாது, தெரியாத நாய்க்கு அவர் செய்ததுதான் சரி. நாளைக்கு வேறு யாருக்குக் கடித்தாலும் அதையே செய்யச் சொல்லுங்கள். நம் கிராம சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். வரும் புதன்கிழமை குழந்தையை அம்மாவின் மடியிலேயே உட்காரவைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். மதினியோ வேறு யாரோ அண்ணனோடு வீட்டில் இருக்கட்டும், வாக்கரோடு தனியாகப் படி இறங்க விட வேண்டாம்.